அப்பள ஆட்டமும் ஆய்வுக் குழுவும்

இந்த நாட்டில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் எத்தனை மில்லிமீட்டர் அகலம் இருக்கலாம் என்பதை யாராவது தீர்மானித்துத்தானே ஆகவேண்டும்? டெல்லியில், ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து நூற்றுப் பன்னிரண்டு பேர் அதைத் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். மத்திய முத்திரைத் தர இயக்ககம் என்று பெயர். வட்ட முத்திரைக்கு ஒரு பிரிவு, நீள்சதுர முத்திரைக்கு ஒரு பிரிவு, முட்டை வடிவ முத்திரைக்கு ஒரு பிரிவு. முட்டை வடிவத்தை நாட்டில் யாருமே பயன்படுத்துவதில்லை என்று ஒருநாள் தெரியவந்தது. அதனால் அந்தப் பிரிவை மூடிவிடவில்லை. ஏன் பயன்படுத்துவதில்லை என்று ஆராயும் பொறுப்பைக் கொடுத்து, கூடுதலாக இரண்டு பேரையும் போட்டார்கள்.

உஷாராணி வட்டப் பிரிவில் கீழ்நிலை எழுத்தர். அவள் கணவர் ராஜவேல் அதே பிரிவில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவர். ஒரு மே மாத மத்தியானம், கோப்பைத் திறந்து வைத்தபடி, நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். கருணை அடிப்படையில் அந்த வேலை உஷாராணிக்கு வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. நிமிஷத்துக்கு முப்பத்தைந்து ஆங்கில வார்த்தை தட்டச்சு செய்து காட்ட வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் வேலை போய்விடும். வேலை போனால் மோதி பாக்கில் இருக்கிற குவார்ட்டர்ஸ் போய்விடும். குவார்ட்டர்ஸ் போனால், ஒன்பதாவது படிக்கிற மகள் அகல்யாவைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கு ரயில் ஏற வேண்டியதுதான். அகல்யாவுக்கோ தமிழில் சண்டை போடத் தெரியுமே தவிர, பாடம் படிக்க வராது.

முதல் தேர்வில் உஷாராணி அடித்தது பதினேழு வார்த்தை. இரண்டாவதில் இருபத்திரண்டு. மூன்றாவது, அதாவது கடைசி, டிசம்பரில். அந்தக் கட்டடத்தில் தேர்வு பாஸாகாத ஒரே எழுத்தர் அவள்தான். இந்த விஷயம் கேன்டீன்காரர் வரைக்கும் தெரியும்.

ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊழியர்கள் எல்லாரும் இனிமேல் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த வேண்டும். பயன்படுத்திய விவரத்தை மாதாமாதம் படிவம் 7-பி-யில் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஓர் உதவியாளரைத் திறந்துவைத்துவிட்டுப் போனார்கள். கேட்டால் பதில் சொல்லும், சொன்னால் நிரல் எழுதும். நீள்சதுரப் பிரிவினர் அதனிடம் அகவிலைப்படி எப்போது உயரும் என்று கேட்டார்கள். தெரியாது என்று அது உண்மையைச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அதை மதிக்கவில்லை.

உஷாராணி மட்டும் ஒருநாள் சாப்பாட்டு வேளையில், தயிர்சாத டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தன் கஷ்டத்தை அடித்தாள். டைப்பிங் வரவில்லை, இரண்டு தடவை ஃபெயில், பழகுவதற்கு ஒரு விளையாட்டு மாதிரி ஏதாவது செய்து தரமுடியுமா? தாராளமாகச் செய்யலாம் என்றது உதவியாளர். "உங்களுக்கு எந்த மாதிரி விளையாட்டு பிடிக்கும்?"

அந்தக் கட்டடத்துக்கு வந்து ஒன்றரை வருஷத்தில், உனக்கு என்ன பிடிக்கும் என்று அவளை யாரும் கேட்டதில்லை. தண்ணீர் குடித்துவிட்டு யோசித்து அடித்தாள். மேலேயிருந்து அப்பளம் அப்பளமாக விழவேண்டும். ஒவ்வொரு அப்பளத்திலும் ஒரு வார்த்தை. கீழே எண்ணெய்ச் சட்டி. சட்டியில் விழுவதற்குள் வார்த்தையை அடித்துவிட்டால் அப்பளம் தப்பிக்கும், இல்லாவிட்டால் பொரிந்துவிடும்.

ஏழு நிமிஷத்தில் ஆட்டம் தயார். முதல் தடவை அப்பளம் கல் மாதிரி சட்டிக்குள் போய்விட்டது. அப்பளம் முங்காது, பொரியும் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சரிசெய்தது. இரண்டாம் தடவை ஓர் அப்பளம் திரை முழுவதையும் மூடுகிற அளவுக்கு உப்பியது. மூன்றாம் தடவை எல்லாம் சரியாக வந்து, சொர்ரென்று பொரிகிற சத்தம்கூட வந்தது. உரிய வழியாக விண்ணப்பியுங்கள் என்று அது ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் உஷாராணிக்கு ஆச்சரியம். தினமும் சாப்பாட்டு வேளையில் அப்பளத்தோடு மல்லுக்கட்டினாள். இரண்டு வாரத்தில் இருபத்திரண்டு இருபத்தேழாயிற்று.

மாதக் கடைசியில்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். படிவம் 7-பி-யில் நான்காவது கட்டம்: செயற்கை நுண்ணறிவால் முடித்த பணிகளின் எண்ணிக்கை. அந்த அலுவலகத்தில் எந்த மாதப் படிவத்தில் எந்தக் கட்டம் இருந்தாலும் அதில் 'இல்லை' என்று எழுதுவதுதான் வழக்கம். நூற்றுப் பதினொரு பேர் 'இல்லை' என்று எழுதினார்கள். உஷாராணி '1' என்று எழுதினாள்.

பிரிவு அதிகாரி இளஞ்செழியன் இதைக் கண்டுபிடித்தபோது படிவம் அமைச்சகத்துக்குப் போய்விட்டிருந்தது. கும்பகோணத்துக்காரர், டெல்லிக்கு வந்து முப்பத்தோரு வருஷம், ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நாடி பார்க்கிற டாக்டரைப் போல மெல்லிய குரலில் பேசினார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே? இல்லேன்னு போட்டா ஒரு கேள்வி கிடையாது. ஒண்ணுன்னு போட்டா, என்ன ஒண்ணு, யார் சொல்லி ஒண்ணு, ஏன் ரெண்டா இல்லேன்னு கேப்பான். முப்பத்தோரு வருஷத்துல நான் ஒரு படிவத்துலயும் நம்பர் போட்டதில்லே. அதனாலதான் இன்னும் இந்த நாற்காலியில இருக்கேன்."

"செஞ்சது ஒண்ணுதான சார். அதான் போட்டேன்" என்றாள் உஷாராணி.

"செஞ்சதைப் போடறதுக்கா படிவம் வச்சிருக்கான்?" என்று கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அவர் பயந்தது வேறு, நடந்தது வேறு. அமைச்சகத்தின்கீழ் நாற்பத்து மூன்று அலுவலகங்கள். நாற்பத்து மூன்றின் படிவங்களையும் கூட்டிப் பார்த்தபோது மொத்தம் ஒன்று வந்தது. செயற்கை நுண்ணறிவுப் பணியில் நாட்டின் முதலிடம் என்று இயக்ககத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்துவிட்டது. இயக்குநர் மல்ஹோத்ரா கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வட்டப் பிரிவுக்கே நேரில் இறங்கி வந்தார். ஆறு வருஷமாக இயக்குநராக இருப்பவர். வட்டப் பிரிவு எந்த மாடி என்று லிஃப்ட்காரரிடம் கேட்டுக்கொண்டு வந்தாராம்.

அப்பளம் விழுவதைப் பத்து நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு இந்தியில் ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினார். இதை விளையாட்டு என்று நினைக்கக் கூடாது, இது தேசத்தின் சொத்து. தேசத்தின் சொத்து என்று ஆகிவிட்டால் அதைத் தொடுவதற்கு விதிமுறை வேண்டும். விதிமுறை வகுக்கிற வரையில் யாரும் தொடக் கூடாது. அன்று சாயங்காலத்துக்குள் ஆட்டத்தை ஒரு பென் டிரைவுக்கு மாற்றி, உஷாராணியின் கம்ப்யூட்டரிலிருந்து அழித்து, உதவியாளரையும் பூட்டிவிட்டார்கள். பென் டிரைவை உறையில் போட்டு அரக்கு வைத்து மூன்று முத்திரை குத்தினார்கள். வட்டம் ஒன்று, நீள்சதுரம் ஒன்று, முட்டை ஒன்று. ஒன்பது வருஷத்தில் முட்டைப் பிரிவு பார்த்த முதல் வேலை அதுதான். அன்றைக்கு அவர்கள் லட்டு வாங்கிக் கொடுத்தார்கள்.

நான் எதில் பழகுவது என்று உஷாராணி தயங்கித் தயங்கி இயக்குநரிடம் கேட்டாள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. இருந்த ஒரே வழி அந்த ஆட்டம்தான்.

"மகளே, இதெல்லாம் உனக்காகத்தானே செய்கிறோம்" என்று இந்தியில் சொல்லி, அவள் தலையில் கை வைக்கிற மாதிரி வைத்து, வைக்காமல் எடுத்துக்கொண்டு லிஃப்ட்டில் ஏறினார் மல்ஹோத்ரா.

ஆட்டத்தைப் பரிசீலிக்கப் பதினொரு பேர் கொண்ட ஆய்வுக் குழு அமைந்தது. அந்த அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு: ஒரு விஷயத்தில் முதலில் வாயைத் திறந்தவர் எவரோ, கோப்பு அவர் மேசைக்கே போகும். ஆகவே குழுவின் அழைப்புக் கடிதம், நிகழ்ச்சி நிரல், கூட்டக் குறிப்பு, திருத்தம், திருத்தத்தின் திருத்தம் எல்லாம் உஷாராணி தலையில் விழுந்தன. போதாததற்கு மல்ஹோத்ராவுக்கு ஒரு கொள்கை இருந்தது. கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டினால் பழைய தப்பும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. ஒரு காற்புள்ளி மாறினாலும் முழுப் பக்கத்தையும் முதலிலிருந்து புதிதாக அடிக்க வேண்டும். பதினொரு உறுப்பினர்களுக்கும் ஆளுக்கொரு காற்புள்ளியில் அபிப்பிராயம் இருந்தது.

முதல் கூட்டம் பெயருக்கு. அலுவலக நேரத்தில் விளையாடுவது நடத்தை விதிக்கு விரோதம் என்றார் சட்ட அதிகாரி. விளையாட்டு என்கிற வார்த்தையை எடுத்துவிட்டு 'ஒருங்கிணைந்த அசையும் சொல் தட்டச்சுத் திறன் மேம்பாட்டுத் தளம்' என்று வைத்தார்கள். ஆட்டம் முடிந்தது என்று கடைசியில் திரையில் வருவதற்கும் ஆட்சேபம் எழுந்தது. ஓய்வு பெறப்போகிற ஊழியர்கள் அதைப் படித்து மனம் உடைந்துபோவார்களாம். அதற்குப் பதிலாக 'தங்கள் ஆட்டம் பரிசீலனையில் உள்ளது' என்று போட முடிவாயிற்று. உஷாராணி அந்தக் கூட்டக் குறிப்பை ஒன்பது தடவை அடித்தாள்.

இரண்டாவது கூட்டம் அப்பளத்துக்கு. அப்பளம் ஒரு பிராந்தியத்தின் பண்டமாகத் தெரிகிறது என்றார் ஓர் உறுப்பினர். பாப்பட் என்று வைக்கலாம் என்றார் இன்னொருவர். எங்கள் ராஜஸ்தானில் சுட்டுத்தான் சாப்பிடுவோம், பொரிப்பதில்லை என்று மூன்றாமவர் கோபித்துக்கொண்டார். ஒருமைப்பாட்டை உத்தேசித்து 'வட்ட வடிவ உண்பொருள்' என்று மாற்றினார்கள். ஏன் வட்டம் மட்டும் என்று நீள்சதுரப் பிரிவின் தலைவர் மாறுபட்ட கருத்தைப் பதிவுசெய்தார். அது நான்கு பக்கம். அதையும் உஷாராணிதான் அடித்தாள்.

மூன்றாவது கூட்டத்தில் தீயணைப்புப் பொறுப்பாளர் கலந்துகொண்டார். எண்ணெய் கொதிக்கிற இடத்தில் மணல் வாளி இல்லையே என்று கேட்டார். படத்தில்தான் எண்ணெய் என்று எடுத்துச் சொன்னார்கள். அப்படியானால் படத்தில் மணல் வாளி வையுங்கள் என்றார். அதைவிட எண்ணெயையே தண்ணீராக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். தண்ணீரில் விழுந்த அப்பளம் ஊறிப்போகும். ஊறிய பண்டத்தைப் பார்க்கிற ஊழியருக்கு ஊக்கம் குறையும் என்று நலப் பிரிவு எழுதியது. இப்படி இரண்டு மாதம் ஓடிய பிறகு, மல்ஹோத்ரா கண்ணை மூடி யோசித்து, நாம் யார் என்பதை நாமே மறந்துவிட்டோமே என்றார். அப்பளத்தை எடுத்துவிட்டு முத்திரையைப் போடுங்கள், சட்டியை எடுத்துவிட்டுக் காகிதத்தைப் போடுங்கள் என்றார். கைதட்டல் அடங்குவதற்குள் சட்ட அதிகாரி எழுந்துவிட்டார். உரிய அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் காகிதத்தில் முத்திரை விழுவது தண்டனைக்குரிய குற்றம். ஆகவே ஒப்புதல் வரும்வரை முத்திரை நடுவானில் நிற்கவேண்டும். ஒப்புதல் யார் கொடுப்பது? அதற்கு ஒரு துணைக் குழு.

இவ்வளவையும் மாற்றுவது யார் என்ற கேள்வி வந்தபோது, பூட்டிவைத்த உதவியாளரைப் பதினைந்து நிமிஷத்துக்குத் திறக்க அனுமதி வாங்கினார்கள். மல்ஹோத்ரா, சட்ட அதிகாரி, இளஞ்செழியன் மூவரும் சாட்சிக்கு நின்றார்கள். முதலில் ஒரு விளக்கம் கேட்கவேண்டும் என்றார் சட்ட அதிகாரி. ஒரு மென்பொருளுக்கு இயக்ககத்தின் விதிப்படி பதினெட்டு மாதம் ஆகவேண்டும். ஏழே நிமிஷத்தில் முடித்தது ஏன் என்று அதைக் கேட்கச் சொன்னார். உஷாராணி அடித்தாள். எளிய விளையாட்டு என்பதால் அதற்கு மேல் தேவைப்படவில்லை, மன்னிக்கவும், வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா என்று பதில் வந்தது. குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது என்று சட்ட அதிகாரி குறித்துக்கொண்டார்.

பிறகு, முத்திரைகள் நடுவானில் நிற்கவேண்டும் என்று அடித்தாள்.

"செய்துவிடலாம். ஆனால் சொற்கள் விழாமல் நின்றுவிட்டால் விளையாடுபவருக்குத் தட்டச்சு செய்ய வேண்டிய அவசரமே இருக்காது. பரவாயில்லையா?" என்று கேட்டது உதவியாளர்.

அதிகாரிகள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து மாதத்தில் தட்டச்சைப் பற்றி எழுந்த முதல் கேள்வி அது. "சொன்னதைச் செய்யச் சொல்லு" என்றார் மல்ஹோத்ரா. அது செய்துகொடுத்தது, மறுபடி பூட்டப்பட்டது.

நவம்பர் வந்தது. டெல்லியில் புகைமூட்டம் கட்டியது. உஷாராணிக்கு ராத்தூக்கம் போயிற்று. ஏப்ரலில் இருபத்தேழு வந்ததோடு சரி, அதற்குப் பிறகு ஒருநாள்கூட நேரம் வைத்து அடித்துப் பார்க்க முடியவில்லை. காலையிலிருந்து மாலை வரை குழு, குழு, குழு. துணைக் குழுவின் முப்பது பக்க அறிக்கையை ஐந்தாம் தடவையாக அடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில் இளஞ்செழியனிடம் போய் நின்றாள்.

"சார், டெஸ்டுக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் பழகிக்கிடட்டுமா?"

"டைப்பிங் முன்னேற்றத்துக்கான ஃபைல் இவ்வளவு அர்ஜென்ட்டா ஓடிண்டிருக்கு. இதை விட்டுட்டு டைப்பிங் பழகப் போறேங்கறியே" என்றார் இளஞ்செழியன். சொன்ன பிறகு அவருக்கே என்னவோ மாதிரி இருந்திருக்க வேண்டும். அவள் மேசைக்கு அவர் செலவில் ஒரு டீ வந்தது.

டிசம்பர் இரண்டாம் வாரம் தேர்வு. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து, ஒரு பத்தியைக் கொடுத்து, பத்து நிமிஷம் என்றார். உஷாராணி திருநெல்வேலி இருக்கிற திசையை உத்தேசமாகப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தாள். ஆரம்பித்தது தெரியும். பிறகு அவள் பத்தியைப் படித்துக்கொண்டிருந்தாள், விரல்கள் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தன. நேரம் முடிந்ததும் தேர்வாளர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கணக்கு தப்பாக இருக்குமோ என்று மறுபடி பார்த்தார். நாற்பத்தாறு வார்த்தை. பிழை இரண்டு.

அவளுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஏழு மாதத்தில் அந்த ஆட்டத்தைப் பற்றி அவள் இரண்டாயிரம் பக்கம் அடித்திருந்தாள். கூடத்துக்கு வெளியே வராந்தாவில் நின்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். ஆட்டத்தைப் பிடுங்கிக்கொண்டவர்கள் மேல் அந்த ஒரு நாள் அவளுக்குக் கோபமே வரவில்லை.

கோபம் மறுநாள் வந்தது. தேர்வு முடிவை ஓர் உறையில் போட்டு மல்ஹோத்ரா தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். தளத்தின் தொடக்க விழா ஜனவரியில். அமைச்சகத்தின் கூடுதல் செயலாளர் அம்மையார் வருகிறார். எந்தத் திட்டத்துக்கும் மேடையில் நிறுத்த ஒரு பயனாளி வேண்டும். தட்டச்சு தெரியாத ஊழியர் இந்தக் கட்டடத்தில் இவள் ஒருத்திதான். இவளும் பாஸ் என்று அறிவித்துவிட்டால் பயனாளிக்கு எங்கே போவது? இதைச் சொல்லும்போது இளஞ்செழியன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேப்பர்வெயிட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். மேடையில் முதலில் பழையபடி இருபத்திரண்டு வார்த்தை அடிக்கவேண்டும். பிறகு அரை மணி நேரம் தளத்தில் பயிற்சி. பிறகு நாற்பத்தாறு. விழா முடிந்ததும் நிரந்தர உத்தரவு கைக்கு வந்துவிடும்.

"கொஞ்சம் மெதுவா அடிக்கணும், அவ்வளவுதானேம்மா. அதுல என்ன கஷ்டம்?" என்றார்.

கஷ்டம் இருந்தது. வீட்டில் சாப்பாட்டு மேசையைத் தட்டிப் பழகிப் பார்த்தாள். விரலைப் பிடித்து நிறுத்தினால் நெற்றி வேர்த்தது, விட்டால் ஓடியது. அகல்யா பரீட்சை மேற்பார்வையாளரைப் போல எதிரே உட்கார்ந்து மொபைலில் நேரம் பார்த்தாள்.

"அம்மா, தீரே தீரே பண்ணு, மெதுவா. நீ ஜல்தி பண்ணினா ஆர்டர் தர மாட்டாங்க, அவ்ளோதான்" என்று பாதி இந்தியில் சொன்னாள். அரை மணி நேரம் போராடி முப்பதுக்கு இறக்கினார்கள்.

விழா நாளன்று மேடையில் ஒரு மேசை, அதன்மேல் கம்ப்யூட்டர், பின்னால் பெரிய திரை. கூடம் நிறைந்திருந்தது, சமோசா உண்டு என்று காலையிலேயே அறிவித்திருந்தார்கள். உத்தரவு இருக்கிற பழுப்பு உறை மல்ஹோத்ராவின் கோட்டுப் பையிலிருந்து அரை அங்குலம் எட்டிப்பார்த்தது. உஷாராணி நாற்காலியில் உட்கார்ந்து விரல்களை மடக்கி வைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு, இருபத்திரண்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அடங்கித்தான் போவதாக இருந்தாள். அகல்யாவின் பள்ளிக்கூடமும் வீடும் அந்த உறைக்குள் இருந்தன.

மல்ஹோத்ரா மைக்கைப் பிடித்தார். முத்திரையின் வரலாறு, இயக்ககத்தின் சாதனை எல்லாம் முடிந்த பிறகு அவள் பக்கம் கையைக் காட்டினார். "மேடம், இந்தப் பெண் தகுதியால் வந்தவர் இல்லை, கருணையால் வந்தவர். கருணையால் வருகிறவர்களுக்கு வேகம் எங்கேயிருந்து வரும்? கணவர் இருந்த காலத்திலேயே அந்த நாற்காலியில் வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். நாங்கள் குறைசொல்லவில்லை. வேகம் இல்லாத இடத்துக்கு வேகத்தைக் கொண்டுபோவதுதான் இந்தத் தளத்தின் லட்சியம்" என்றார்.

பதினாறு வருஷம். ஜுரம் வந்தாலும் லீவு போடாமல் போய், அந்த நாற்காலியிலேயே உயிரை விட்ட மனிதர். உஷாராணிக்குக் காது சுட்டது. வீடு, பள்ளிக்கூடம், உறை, எதுவும் அந்த நிமிஷம் அவள் நினைவில் இல்லை. ஆரம்பிக்கலாம் என்றார்கள். அவள் மடக்கிய விரல்களை விரித்தாள்.

பின்னால் பெரிய திரையில் எழுத்து வரிக்குப் பின் வரியாக ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இளஞ்செழியன் கண்ணை மூடிக்கொண்டார். நேரம் முடிந்தபோது திரையில் கொட்டை எழுத்தில் வந்தது: பயிற்சிக்கு முன் வேகம், ஐம்பத்தொன்று. பிழை இல்லை.

கூடுதல் செயலாளர் அம்மையார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இது பயிற்சிக்கு முன்னால்தானே?" என்று கேட்டார்.

இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் சும்மா போகாது. மல்ஹோத்ரா இமைக்கவில்லை. "ஆமாம் மேடம். எங்கள் தளத்தின் சிறப்பே அதுதான். பயன்படுத்துவதற்கு முன்பே பலன் தெரிய ஆரம்பித்துவிடுகிறது" என்றார்.

அம்மையார் தலையாட்டிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கூடம் கைதட்டியது. அடுத்து, நிகழ்ச்சி நிரல்படி, அரை மணி நேரப் பயிற்சி. திரையில் ஒரு முத்திரை தோன்றி, பாதி தூரம் இறங்கி, நடுவானில் நின்றது. கீழே 'ஒப்புதல் எதிர்பார்க்கப்படுகிறது' என்று எழுத்து மினுக்கியது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டே சமோசா சாப்பிட்டார்கள்.

உறை கைக்கு வரவில்லை. விழா முடிந்ததும் மல்ஹோத்ரா அதைக் கோட்டுப் பையோடு எடுத்துக்கொண்டு அம்மையாரை வழியனுப்பப் போய்விட்டார். இளஞ்செழியன் அவளிடம் வந்து, இப்படிச் செய்துவிட்டாயே, இரண்டு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா என்று அங்கலாய்த்தார்.

"கை நிக்கல சார்" என்றாள் உஷாராணி. கொஞ்சம் நிறுத்தி, "நிறுத்தவும் மனசில்லை. அவுகளை மெதுன்னு சொல்லிட்டாரே" என்றாள்.

இளஞ்செழியன் கையிலிருந்த சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டார். ராஜவேல் வேலை பார்த்த பதினாறு வருஷமும் அவர்தான் பிரிவு அதிகாரி.

எட்டு நாள் அவள் உறை வருமா என்று பார்த்துக்கொண்டே அலுவலகம் போய்வந்தாள். வீட்டில் அட்டைப்பெட்டிகள் எத்தனை தேவைப்படும் என்றுகூட ஒரு கணக்குப் போட்டுவிட்டாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் இளஞ்செழியன் இரண்டு வரைவுகளை அவரே கையில் எடுத்துக்கொண்டு வந்து அவள் மேசையில் வைத்தார். இரண்டும் இன்றைக்கே கையெழுத்துக்குப் போகவேண்டும், வேறு தட்டச்சர் இல்லை, ஜல்தி என்று சொல்லிவிட்டு, போகாமல் பக்கத்திலேயே நின்றார்.

மேலே இருந்தது அமைச்சகத்தின் சுற்றறிக்கை, நாற்பத்து மூன்று அலுவலகங்களுக்கும் அனுப்ப வேண்டியது. மேற்படி தளம் பயன்படுத்துவதற்கு முன்பே பலன் தருவது நேரில் கண்டறியப்பட்டுள்ளதால், அதை வெளியிட வேண்டிய அவசியம் எழவில்லை. எல்லா அலுவலகங்களும் அதை நடைமுறைப்படுத்திவிட்டதாகக் கருதிக்கொண்டு, அடைந்த முன்னேற்றத்தை மாதாமாதம் தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவது அரைப் பக்கம்தான், உறையில் இருந்த உத்தரவுக்குப் பதிலாகப் புதிதாக எழுதியது. வெற்றி கண்ட பயனாளியை நிரந்தரமாக்காமல் வைத்திருந்தால் தளத்தின் பெயருக்குக் களங்கம் என்று கருதி, இயக்குநர் உத்தரவிடுகிறார்: திருமதி உஷாராணி, காலஞ்சென்ற ராஜவேலின் மனைவி, கீழ்நிலை எழுத்தர் பதவியில் நிரந்தரமாக நியமிக்கப்படுகிறார்.

சுற்றறிக்கையை ஒன்றரை நிமிஷத்தில் அடித்து ஓரமாக வைத்தாள். பிறகு திரையில் புதுப் பக்கம் திறந்து, நாற்காலியை இழுத்துச் சரியாக உட்கார்ந்துகொண்டு, அந்த அரைப் பக்கத்தை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக, யார் அவசரப்படுத்தினாலும் கேட்காமல், மெதுவாக அடித்தாள்.